துண்டுத்துணிப் போர்வை – பாடம் 3: சமனில்லாத கட்டங்களைப் பட்டி போட்டு இணைத்தல்

சென்ற பாடத்தில் பழைய துணிகளை வெட்டிச் சேர்த்துச் சதுரக் கட்டங்கள் தைத்தீர்கள். இப்போது உங்களிடம் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். பாயை விரித்து அதன் மேல் அவற்றை அடுக்கிப் பாருங்கள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். ஒன்றின் மூலை வெளியே தள்ளி நிற்கும். அக்காவும் தங்கையும் பக்கத்து வீட்டு அம்மாவும் சேர்ந்து தைத்திருந்தால் வித்தியாசம் இன்னும் கூடுதலாகத் தெரியும். அதற்காக எதையும் பிரிக்க வேண்டாம். இந்தப் பாடம் அப்படிப்பட்ட கட்டங்களுக்காகவே எழுதப்பட்டது.

பிரிக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எமது முதலாவது பயிற்சி வகுப்பில், "எல்லோரும் 12 அங்குலக் கட்டம் தைத்து வாருங்கள்" என்று மட்டுமே சொன்னோம். தையலுக்கு எவ்வளவு விளிம்பு விடுவது என்று சொல்ல மறந்துவிட்டோம். ஒருவர் கால் அங்குலம் விட்டார், இன்னொருவர் முக்கால் அங்குலம் விட்டார். வந்து சேர்ந்த கட்டங்கள் பத்தரை அங்குலத்திலிருந்து 13 அங்குலம் வரை இருந்தன. சிலவற்றைப் பிரித்துத் திரும்பத் தைக்கும்படி நாமே சொன்னோம். பல தடவை துவைத்த பழைய துணி, நூலைப் பிரிக்கும்போது தையல் ஓட்டைகளின் வழியே கிழிந்துவிட்டது. அப்படிக் கிழிந்தவற்றுள் ஒன்று, ஒரு தாய் நலன்புரி நிலையத்திலிருந்து மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த பிள்ளையின் பாடசாலைச் சட்டை. அதற்கு ஈடாகக் கொடுக்க எங்களிடம் துணி இல்லை, எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த வகுப்புக்குப் பிறகு நாம் யாரையும் பிரிக்கச் சொல்வதில்லை. பட்டி போடத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

இரண்டு வகைப் பட்டிகள்

ஒரு கட்டத்தின் நான்கு பக்கமும் படத்துக்குச் சட்டம் போட்டதுபோல் வைத்துத் தைப்பது சுற்றுப்பட்டி. சிறிய கட்டத்துக்கு அகலமான சுற்றுப்பட்டியும் பெரிய கட்டத்துக்கு ஒடுக்கமான சுற்றுப்பட்டியும் போட்டால் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவுக்கு வந்துவிடும். சமனில்லாததைச் சமப்படுத்துவது இந்தப் பட்டிதான்.

அளவு ஒன்றான பிறகு ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் வைப்பது இடைப்பட்டி. வயலில் வாய்க்கும் வாய்க்கும் நடுவில் போகும் வரம்பை நினைத்துக்கொள்ளுங்கள். நிறங்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைப்பட்டி பிரித்துக் காட்டும். அத்துடன் பன்னிரண்டு கட்டத்தைக் கொண்டு இன்னும் பெரிய போர்வை தைக்கவும் அது உதவும். மார்கழி, தை மாதப் பனிக்குள் ஒரு தாயும் பிள்ளையும் மூடிக்கொள்ளப் போதுமான போர்வையாகவே இந்தப் பாடத்தில் கணக்குப் போட்டிருக்கிறோம்.

பட்டிக்கு எந்தத் துணி

கட்டங்களுக்குள் எதையும் வைக்கலாம். பட்டிக்கு அப்படி வைக்க முடியாது, ஏனென்றால் போர்வையின் பாரத்தைத் தாங்குவது பட்டிதான். கொட்டன் துணி நல்லது: பழைய பெட்சீற், கைத்தறி, சீத்தை, சாரம். சாரமாக இருந்தால் மூட்டைப் பிரித்து விரித்து வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடம் தேய்ந்திருக்கும். அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வெட்டுங்கள். நைலெக்ஸ் சேலை வழுக்கும், சூடான பெட்டி பட்டால் சுருங்கிப்போகும். அது ஒரு கட்டத்துக்குள் நிற்கட்டும், பட்டியாக வேண்டாம்.

புதுத் துணி வாங்கினால் வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயப்போடுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் துவையலில் பட்டி சுருங்கிக் கட்டங்களைக் கொய்துவிடும். சிவப்பு, கருநீலத் துணிகளுக்குச் சாயம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாலே தெரிந்துவிடும்.

பட்டியின் நீளம் எப்போதும் துணியின் கரைக்குச் சமாந்தரமாக ஓட வேண்டும். கரையோடு ஓடும் நூல் இழுத்தாலும் நீளாது. குறுக்கு நூல் கொஞ்சம் நீளும். சரிவாக வெட்டிய துணி ரப்பர்போல் இழுபடும். ஒரு துண்டைக் கையில் எடுத்து மூன்று பக்கமும் இழுத்துப் பார்த்தால் இது விளங்கும். கரையையும் பட்டிக்குள் சேர்க்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள், அது துவைக்கும்போது வேறுவிதமாகச் சுருங்கும். கத்தரிக்கோல் மொட்டையாக இருந்தால் கைத்தறி, பெட்சீற் போன்றவற்றை ஓரத்தில் சிறிது வெட்டிக் கையால் கிழிக்கலாம். கிழிசல் நூலோடு நேராகப் போகும். ஓரத்தில் நூல் பிசிறு வருவதால் கிழிக்கும்போது கால் அங்குலம் கூட்டிக் கிழியுங்கள்.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் பன்னிரண்டு கட்டமும் பன்னிரண்டு விதமாக இருந்தால் இடைப்பட்டி முழுவதையும் ஒரே துணியில் போடுங்கள். போர்வை ஒன்றாகத் தெரியும். செம்மண் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டுக்கு வெள்ளைப் பட்டி நல்லதல்ல என்று நாம் சொல்லத் தேவையில்லை.

சுற்றுப்பட்டியின் கணக்கு

கடைத் துணிக்குக் கால் அங்குலத் தையல் விளிம்பு போதும். தேய்ந்த துணியில் நூல் உருவிவரும், ஆகவே இங்கே எல்லா இடத்திலும் அரை அங்குலம் விடுகிறோம். மெசின் தட்டில் ஊசியிலிருந்து அரை அங்குலம் அளந்து ஒரு துண்டுப் பிளாஸ்ரர் ஒட்டிவையுங்கள். துணியின் ஓரம் அதைத் தொட்டபடி போகட்டும். பலர் சேர்ந்து தைத்தால் எல்லா மெசினிலும் இதைச் செய்ய வேண்டும். கையால் தைப்பவர்கள் சோக்கால் கோடு போட்டுப் பின்தையல் போடலாம். நேரம் கூடுதலாகப் போகும், ஆனால் உறுதி குறையாது.

சுற்றுப்பட்டி போட்டு வெட்டிய பின் ஒவ்வொரு கட்டமும் 16 அங்குலச் சதுரமாக வர வேண்டும். உங்கள் கட்டத்தை அளந்து, 16க்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். குறைவதில் பாதியை எடுங்கள். அதோடு ஒன்றரை அங்குலம் கூட்டுங்கள். அதுதான் நீங்கள் வெட்ட வேண்டிய பட்டியின் அகலம். கூட்டும் ஒன்றரையில் ஒரு அங்குலம் தையலுக்குள் போய்விடும், அரை அங்குலம் கடைசியில் நேராக வெட்டுவதற்கு.

11 அங்குலக் கட்டத்துக்கு 5 குறைகிறது. பாதி இரண்டரை. ஒன்றரை கூட்டினால் 4 அங்குலப் பட்டி. 9 அங்குலக் கட்டத்துக்கு 5 அங்குலப் பட்டி. 14 அங்குலக் கட்டத்துக்கு இரண்டரை அங்குலப் பட்டி. கட்டம் ஒரு பக்கம் 9, மறு பக்கம் 12 என்று நீள்சதுரமாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள். பட்டிகளின் அகலம் வேறுவேறாக வரும், அதனால் எந்தப் பிழையும் இல்லை. எந்த அளவில் தொடங்கினாலும் நான்கு பக்கமும் தைத்து முடிந்ததும் 17 அங்குலம் வர வேண்டும். வராவிட்டால் தையல் விளிம்பு எங்கோ கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது.

முதலில் எதிரெதிரான இரண்டு பக்கங்களுக்குப் பட்டி தையுங்கள். விரித்து அழுத்திய பிறகுதான் மற்ற இரண்டு பக்கங்களையும் தைக்க வேண்டும். இங்கே அநேகர் செய்யும் பிழை ஒன்று உண்டு. நீளமான பட்டியை எடுத்துக் கட்டத்தின் ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், முடிவில் மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் தைக்கும்போது கட்டத்தின் ஓரம் இழுபட்டு நீண்டுவிடும், பட்டியும் அதோடு நீண்டு, ஓரம் அப்பளம்போல் நெளியும். அதனால் கட்டத்தை ஓரத்தில் அளக்காமல் நடுவில் அளந்து, பட்டியை அந்த நீளத்துக்கு முதலே வெட்டிவிடுங்கள். பட்டியின் நடுவைக் கட்டத்தின் நடுவோடு வைத்துக் குண்டூசி குத்துங்கள். பிறகு இரண்டு முனைகளிலும், பிறகு இடையிலும் குத்துங்கள். கட்டத்தின் ஓரம் பட்டியைவிடச் சற்று நீளமாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துத் தையுங்கள். மெசினின் பற்கள் கீழ்த்துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும், நீளம் தானாக அடங்கிவிடும். கால் அங்குலம் வரையான வித்தியாசத்தை இப்படிச் சரிக்கட்டலாம்.

ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் விளிம்பைப் பட்டியின் பக்கம் சாய்த்து அழுத்த வேண்டும். கட்டத்துக்குள் ஏற்கெனவே பல தையல்கள் தடித்துப்போய் இருக்கும், பட்டியில் அந்தத் தடிப்பு இல்லை. மின்சாரம் வராத வீட்டில் சிரட்டைக்கரிப் பெட்டி போதும். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். பெட்டியே இல்லையென்றால் கரண்டியின் பின்பக்கத்தால் தையலை அழுத்தித் தேய்த்து, இரவு பாய்க்குக் கீழே வைத்துப் படுங்கள்.

மூலை சரியா என்று பார்த்தல்

நிவாரணப் பொருட்கள் வந்த காட்போட் பெட்டி ஒன்றிலிருந்து 16 அங்குலச் சதுர மட்டை வெட்டிக்கொள்ளுங்கள். மட்டையின் மூலை நேராக இருப்பது முக்கியம். பிள்ளையின் கொம்பாஸ் பெட்டியில் உள்ள மூலைமட்டம் சிறியது, சிறிய பிழையைக் காட்டாது. மேசன் அத்திவாரம் வெட்ட நூல் பிடிக்கும்போது 3 அடி, 4 அடி, 5 அடி என்று அளப்பதைக் கண்டிருப்பீர்கள். அதே கணக்குத்தான். மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அங்குலத்திலும் மறு பக்கம் 8 அங்குலத்திலும் புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிக்கும் இடையில் சரியாக 10 அங்குலம் வந்தால் மூலை நேர்.

மட்டையின் நடுவே சிலுவைபோல் இரண்டு கோடுகள் கீறி, அந்தக் கோடுகள் கட்டத்தின் நடுவோடு பொருந்தும்படி வையுங்கள். சுற்றிவரச் சோக்கால் கோடு போட்டு வெட்டுங்கள். உள்ளே இருக்கும் கட்டம் சற்றுக் கோணலாக இருந்தாலும் வெளிப்பக்கம் நேராகிவிடும். உள்ளே தெரியும் கோணலை ஒருவரும் குறையாகப் பார்த்ததை நாம் கண்டதில்லை. பன்னிரண்டு கட்டத்துக்கும் ஒரே மட்டையைப் பாவியுங்கள். குழுவாகத் தைப்பவர்கள் வெட்டும் வேலையை மட்டும் ஒருவரிடம் கொடுப்பது நல்லது.

வெட்ட மனம் வராத துணி

இந்தப் பகுதியை எழுத வேண்டுமா என்று யோசித்தோம். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் ஒரு சேட்டையோ சேலையையோ பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெட்டாமல் இருப்பார். உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கலாம்.

காணாமற்போன ஒருவருடைய உடுப்பாக இருந்தால் அதை இப்போது வெட்ட வேண்டாம். துவைக்காத உடுப்பும் சீப்பும் பிற்காலத்தில் அடையாளப் பரிசோதனைக்கு உதவக்கூடும். கடதாசிப் பையில் போட்டு, ஈரம் படாமல் தனியாக வையுங்கள். அவருக்காகப் போர்வையில் ஒரு இடம் வேண்டுமென்றால் வெறும் துணியால் ஒரு கட்டம் வெட்டி அதற்குச் சுற்றுப்பட்டி போட்டுவிடுங்கள். எப்போதாவது தைக்க விரும்பினால் அதற்கு மேலே துணியை வைத்து ஓரங்களை மடித்துக் கையால் தைக்கலாம். தைக்காமலே விட்டாலும் போர்வைக்குக் குறைவில்லை.

இறந்தவரின் உடுப்பை வெட்டத் தீர்மானித்தவர்கள் முதலில் ஒரு பத்திரிகைத் தாளில் 10 அங்குலச் சதுரமாக யன்னல்போல் வெட்டுங்கள். அந்தத் தாளைச் சேட்டின் மேல் நகர்த்திப் பாருங்கள். பொக்கற்றா, பொத்தான் வரிசையா, கழுத்துப் பட்டியா, எது தெரிய வேண்டும் என்று ஆறுதலாகத் தெரிவு செய்யலாம். பிடித்த இடம் வந்ததும் யன்னலுக்கு வெளியே நான்கு பக்கமும் அரை அங்குலம் விட்டு, 11 அங்குலமாக வெட்டுங்கள். அந்த அரை அங்குலம் தையலுக்குள் மறைந்துவிடும். பொத்தான் தையல் கோட்டில் அகப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஊசி முறியும். துணி நொய்ந்துபோயிருந்தால் பின்னால் மெல்லிய கொட்டன் துணி ஒன்றை வைத்துச் சுற்றிவர நூலோட்டிய பிறகே பட்டி போடுங்கள். ரீசேட் போன்ற இழுபடும் துணிக்கும் இதே முறைதான். அகலமான சுற்றுப்பட்டி இங்கே இன்னொரு உதவியும் செய்யும்: இழுவையையும் உரசலையும் பட்டி வாங்கிக்கொள்வதால் நடுத்துணி அதிக காலம் இருக்கும்.

வேறு நாட்டுப் பெண்களும் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்றோரக் கிராமத்தில், முன்பு அடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளைக் கொண்டு போர்வை தைத்துவந்தார்கள். நடுவில் ஒரு துண்டை வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டி போடுவது அவர்களுடைய பழைய முறை. அதற்கு வீட்டுக்கூரை என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண் தன் கணவர் இறந்த பின், 1942இல், அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். முழங்கால் இடத்தில் நிறம் மங்கியதும் கறை பட்டதுமான துணிகளையே அவர் பாவித்தார். பிற்காலத்தில் அந்தப் போர்வை நூதனசாலைக் கண்காட்சிகளில் வைக்கப்பட்டது.

இடைப்பட்டியால் இணைத்தல்

இப்போது பன்னிரண்டு கட்டமும் 16 அங்குலம். தைத்த பிறகு 15 அங்குலமாகத் தெரியும். அகலத்துக்கு மூன்று, நீளத்துக்கு நான்கு என்று அடுக்குங்கள். இரண்டு நாட்கள் அப்படியே விட்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்து இடம் மாற்றுங்கள். கடும் நிறங்கள் ஒரே பக்கத்தில் குவியாமல் இருந்தால் போதும். அடுக்கு முடிவானதும் ஒவ்வொன்றின் பின்பக்கமும் சோக்கால் இலக்கம் போடுங்கள். பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் இது கட்டாயம்.

இடைப்பட்டியை 4 அங்குல அகலத்தில் வெட்டினால் தைத்த பின் 3 அங்குலம் தெரியும். வரிசைக்குள் கட்டங்களுக்கு நடுவில் வைக்க 16 அங்குல நீளப் பட்டிகள் 8 தேவை. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் 52 அங்குல நீளப் பட்டிகள் 3 தேவை. இவ்வளவு நீளமான பட்டி பழைய துணியில் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் தைக்கும்போது நெளிந்து, மேல் வரிசைப் பட்டியும் கீழ் வரிசைப் பட்டியும் நேர்கோட்டில் வராமல் போகும். ஆகவே மூலைத்துண்டு வைக்கும் முறையைச் செய்யுங்கள். நீளப் பட்டிக்குப் பதிலாக 16 அங்குலப் பட்டி ஒன்று, 4 அங்குலச் சதுரம் ஒன்று, மீண்டும் பட்டி, சதுரம், பட்டி என்று இணைத்தால் அதுவே 52 அங்குலம் வரும். வீட்டில் மிஞ்சிய சிறு துண்டெல்லாம் சதுரமாகிவிடும். நான்கு தையல்களும் சதுரத்தின் மூலைகளில் சந்திப்பதால் கோடு தவறினால் உடனே கண்ணில் படும்.

இந்த முறைக்கு மொத்தம் 16 அங்குலப் பட்டிகள் 17உம், 4 அங்குலச் சதுரங்கள் 6உம் வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் கரையை நீக்கினால், 16 அங்குல நீளத்தில் 10 பட்டிகள் வெட்டலாம். எனவே ஒரு யார் துணியில் இடைப்பட்டியும் சதுரமும் எல்லாம் அடங்கிவிடும். பன்னிரண்டு கட்டத்தின் சுற்றுப்பட்டிகளுக்கு மேலும் 2 முதல் இரண்டரை யார் தேவைப்படும். அதை ஒரே துணியில் எடுக்க வேண்டியதில்லை.

முதலில் கட்டங்களை வரிசையாக இணைத்து, விளிம்புகளைப் பட்டியின் பக்கம் அழுத்துங்கள். சதுரம் வைத்த பட்டி வரிசையிலும் விளிம்பைப் பட்டியின் பக்கமே, சதுரத்துக்கு எதிராக, அழுத்துங்கள். இரண்டு வரிசைகளையும் சேர்த்து வைக்கும்போது தையல் விளிம்புகள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் சாய்ந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தொட்டாலே தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தையுங்கள்.

நீளப் பட்டிதான் வேண்டும் என்பவர்கள் பட்டியை வெட்டியதும் ஒரு முனையிலிருந்து பதினைந்தரை, பதினெட்டரை, முப்பத்து மூன்றரை, முப்பத்து ஆறரை அங்குலங்களில் சோக்கால் குறி போடுங்கள். ஒவ்வொரு குறியும் வரிசையின் ஒரு தையலுக்கு நேரே வர வேண்டும். இந்தக் குறியில்லாமல் தைத்தால் கடைசி வரிசை ஒரு விரலாவது தள்ளிப்போகும்.

வெளிக்கரை

எல்லாம் இணைந்ததும் போர்வையின் மேற்பகுதி 52 அங்குல அகலமும் 70 அங்குல நீளமும் இருக்க வேண்டும். உங்களுடையது ஒன்றிரண்டு அங்குலம் கூடிக் குறைந்தால் உங்கள் அளவையே பாவியுங்கள், எமது அளவை அல்ல. இங்கேயும் நடுவில்தான் அளக்க வேண்டும். 5 அங்குல அகலப் பட்டிகளை நீளப் பக்கம் இரண்டுக்கும் முதலில் தையுங்கள். பிறகு அகலத்தை மீண்டும் நடுவில் அளந்து (ஏறக்குறைய 60 அங்குலம் வரும்) மேலும் கீழும் தையுங்கள். வெளிக்கரைக்குத் துண்டுகளை ஒட்டி நீளமாக்கலாம், ஒட்டு மூலைக்குக் கிட்ட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் போர்வை 59க்கு 77 அங்குலம் அளவில் வரும்.

அடித்துணிக்குப் பழைய பெட்சீற் அல்லது கொட்டன் சேலை நல்லது. நடுவில் இன்னொரு பழைய சேலையை விரித்தால் எமது காலநிலைக்கு அதுவே போதுமான கனம். மூன்று படையையும் விரித்துக் குண்டூசி குத்தி, மூலைத்துண்டுகள் ஒவ்வொன்றின் நடுவிலும், கட்டங்களுக்குள் ஐந்தாறு அங்குலத்துக்கு ஒரு இடத்திலும் தடித்த நூலால் இரட்டை முடிச்சுப் போடுங்கள். ஓரங்களை மடித்துத் தைப்பதை அடுத்த பாடத்தில் பார்ப்போம். அதுவரை சுற்றிவர நூலோட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அடித்துணி நழுவிவிடும்.